நடுவில் எங்கும் போகாதவள்

…பக்கத்து வீட்டு மரகதம் ஆன்ட்டி உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், வேறு யாரும் எதுவும் செய்ய வேண்டாம், சுகிர்தா தானாக வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது, ஒரே ஒரு வாக்கியம், நடுவில் இரண்டு வருஷம் இந்தப் பெண் இங்கே இல்லை சார், மெயின்லேண்டில் இருந்தாள், அவ்வளவுதான், விசாரணைக்கு வருகிறவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார், லோக்கல் சர்டிபிகேட் கிடைக்காது, அது இல்லையென்றால் மெயின்லேண்டுக் கல்லூரியில் அந்தமான் தீவுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குகிற இடத்துக்கு அவள் பெயர் போகாது, பெயர் போகாவிட்டால் அவளும் போக வேண்டாம். அம்மா அழுவாள். கொஞ்ச நாள் அழுதுவிட்டு ஓய்ந்துவிடுவாள்… ஓய்வாளா? குக்கர் விசில் சரியாக வரவில்லை என்பதற்கே ஒரு வாரம் புலம்புகிறவள் ஆயிற்றே. சுகிர்தா உயிரியல் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், காலையில் திறந்த பக்கம் இன்னும் புரளவில்லை, பூவின் சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்கிற படம், அதை அவள் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள், வரைந்து என்ன ஆகப்போகிறது. ஏர்போர்ட்டை ஒட்டிய பத்துபஸ்தியின் சந்தில் எந்த ஸ்கூட்டர் திரும்பினாலும் அடுப்படியிலிருந்து அம்மாவின் தலை எட்டிப் பார்த்தது. லஞ்சுக்கு அப்புறம் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள், ஆனால் ஆபீஸ்காரர்களின் லஞ்ச் எப்போது முடியும் என்று யாரால் சொல்ல முடியும்.

பத்து வருஷம் விட்டுப்போகாமல் இங்கேயே வசித்திருக்க வேண்டுமாம். ஸ்கூலில் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னபோது வகுப்பில் எல்லாரும் தலையாட்டினார்கள், சுகிர்தாவும் ஆட்டினாள், பெஞ்சுக்கு அடியில் விரல்விட்டு வருஷங்களை எண்ணினாள். லாக்டவுன் சமயத்தில் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் அவள் படித்தது இந்த ஸ்கூலில்தான், வருகைப்பதிவில் பெயர் இருக்கிறது, மார்க் இருக்கிறது, ஆள் மட்டும் அருப்புக்கோட்டையில் பெரியம்மா வீட்டு மாடி அறையில் இருந்தாள். எல்லாம் நெட்வொர்க்குக்காக. இங்கே அப்போது ஆன்லைன் வகுப்பு என்றால் டீச்சரின் முகம் வந்து அப்படியே உறைந்து நிற்கும், வாய் திறந்தபடி, அந்த வாய் மூடுவதற்குள் பாடம் முடிந்துவிடும். கப்பல் போக ஆரம்பித்ததும் அம்மா முதல் வேலையாக அவளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு வந்தாள், என் பிள்ளை படிப்பு கெடக்கூடாது பார், மெயின்லேண்டில் லைன் பிச்சிக்கிட்டுப் போகுமாம் என்று எல்லாரிடமும் பெருமை வேறு. அந்தப் பெருமைதான் இப்போது கழுத்தைப் பிடித்திருக்கிறது. மெயின்லேண்டில் நன்றாகப் படிக்கட்டும் என்று அனுப்பியதாலேயே மெயின்லேண்டில் படிக்கப் போகிற வழி அடைபட்டுப்போகுமென்று அம்மா கண்டாளா, யார்தான் கண்டார்கள். அந்த இரண்டு வருஷம் கணக்கில் வருமா வராதா என்றுகூட யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, போய்க் கேட்டால் அகப்பட்டுக்கொள்வோமே என்று அம்மா கேட்கவுமில்லை. அப்பா மின்சாரத் துறையில் லைன்மேன், லாங் ஐலண்ட் என்கிற தூரத் தீவில் போஸ்டிங், போனில் அவர்தான் சொன்னார், இங்கேயும் ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி ஏதோ தகராறாகி நின்னுபோச்சாம் என்று. அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. நீ என்னம்மா சொல்ற என்று அப்பா இவளிடம் கேட்டிருக்கலாம். உன் இஷ்டம்மா என்றார், லைன் போய்விட்டது, அப்பாவின் போனில் லைன் எப்போதும் இப்படி இக்கட்டான இடத்தில்தான் போகும்.

அவள் இஷ்டம் என்ன… அதை அவளிடம் கேட்டால் அவளுக்கே தெரியவில்லையே. அருப்புக்கோட்டை என்றதும் ஞாபகம் வருவது அந்த மாடி அறையின் வெக்கை, கடல் இல்லாத காற்று, தெருப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர். அந்தமான். ஏய் அந்தமான், உங்க ஊர்ல எல்லாரும் கைதிங்களா, அம்பு விடுவாங்களாமே, நீ விடுவியா. ஒருநாள் பெரியம்மா மகனிடம் சீக்கிரம் வா என்பதற்கு ஜல்தி வாடா என்று சொல்லிவிட்டாள், அதை வைத்து ஒரு மாசம் சிரித்தார்கள், சாப்பிடக் கூப்பிடும்போதுகூட ஜல்தி ஜல்தி என்று. இங்கே எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம், வங்காளி வீட்டுப் பிள்ளையோடும் தெலுங்கு வீட்டுப் பிள்ளையோடும் ஹிந்தியில் பேசிவிட்டு அப்படியே வீட்டுக்குள் நுழைந்தால் நாக்குக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வரவா தெரியும். ராத்திரிகளில் அவள் போர்வைக்குள் அழுதாள், அம்மாவிடம் போனில் நல்லா இருக்கேம்மா என்றாள். திரும்பி வந்து கப்பலை விட்டு இறங்கிய அன்று இனி இந்த ஊரை விட்டு நகர்வதில்லை என்று ஹாடோ ஜெட்டியில் நின்று சத்தியம் செய்துகொண்டாளே, அது சின்னப்பிள்ளைச் சத்தியமா, செல்லாதா? போன டிசம்பரில் கல்லூரிக்கு என்னென்ன சர்டிபிகேட் தயார் செய்ய வேண்டும் என்று ஸ்கூலில் சொன்ன நாளிலிருந்து அதே வெக்கை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. யாரிடம் சொல்ல. எல்லாரும் போகத் துடிக்கிற இடத்துக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் கொழுப்பு என்பார்கள்.

அதுவும் கால்நடை மருத்துவம். அம்மா முடிவு பண்ணியது. மனுஷ டாக்டர் கிடைக்கவில்லையென்றால் மாட்டு டாக்டர், டாக்டர் டாக்டர்தான் என்பது அம்மாவின் கணக்கு. போன வருஷம் தீவுக்கு அதில் ஒரே இடம்தான் வந்தது, இந்த வருஷமும் அப்படித்தான் இருக்கும், வந்தால் ஒன்று சுகிர்தாவுக்கு இல்லையென்றால் பிரவீனுக்கு என்று உயிரியல் டீச்சர் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். பிரவீன்குமார், மரகதம் ஆன்ட்டியின் இளைய மகன், நடுவில் ஒரு தகரத் தடுப்புதான் இரண்டு வீட்டுக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து இவள் முதல், அவன் இரண்டாவது. இவள் முதலாவதாக வருவது படத்தினால், இதயத்தை வரையச் சொன்னால் அச்சுப் போட்ட மாதிரி வரைந்து பாகம் குறித்துவிடுவாள், ஆனால் உயிருள்ள கோழியைப் பிடி என்றால் கை நடுங்கும். அவனுக்குப் படம் வராது, மார்க் அதில்தான் போகும். சனிக்கிழமையானால் மிருக டிஸ்பென்சரிக்குப் போய் ஆட்டைப் பிடித்துக்கொள்கிறேன், நாய்க்குக் கட்டுப் போடுகிறேன் என்று நிற்பான், சம்பளமா சாப்பாடா, ஒன்றும் கிடையாது. இவள் மெயின்லேண்டில் இருந்தபோது இவள் வளர்த்த நாய் கப்தானுக்கு வலிப்பு வந்து, லாக்டவுனில் டாக்டர் யாரும் வராமல், அவன் மடியில்தான் அது போனது. அதை அவன் போனில் சொல்லவில்லை. இவள் வந்து இறங்கிய பிறகு, பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், புதைத்த இடத்தைக் காட்டினான். அந்தக் காலேஜ் சீட்டு யாருக்குப் போக வேண்டும் என்று யாராவது கேட்டால் கப்தான் சொல்லும், நாய்க்குக்கூடத் தெரிந்த விஷயம், மார்க்குக்குத் தெரியாது. ஆக மரகதம் ஆன்ட்டி உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது, பிரவீனுக்கு நல்லது, ஆன்ட்டிக்கே நல்லது, பெற்ற பிள்ளைக்காகப் பேசுவதில் என்ன தப்பு. எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

அம்மாவுக்கும் இந்தப் பயம் இல்லாமலா. தண்ணீர் விடுகிற முறையில் ஹோஸ் பைப்பை யார் முதலில் மாட்டுவது என்று பொங்கலுக்கு முன்னால் இரண்டு பேருக்கும் சண்டை, அதிலிருந்து பேச்சு கிடையாது, கொடியில் துணி காயப்போடும்போதுகூட முதுகைத்தான் காட்டிக்கொள்வார்கள். விசாரணைக்கு வருகிறவர் அக்கம்பக்கத்திலும் கேட்பார் என்று தெரிந்ததும் அம்மா சூரை மீன் குழம்பு வைத்தாள். நேற்று அதைப் பெரிய கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தடுப்பைச் சுற்றிப் போனாள், போகும்போது முகத்தில் சிரிப்பை இங்கிருந்தே மாட்டிக்கொண்டு போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது, அம்மாவின் முகமும். சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல, பாக்கலாம் வைஜெயந்தின்னா… குழம்ப மட்டும் வாங்கி வச்சுக்கிட்டா, என்றாள். சுகிர்தாவுக்கு அதைக் கேட்டதும் மனசு லேசானது. அம்மா அப்படிச் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், பெற்ற மகளுக்கு மனசு லேசாகிறது, என்ன ஜென்மமோ. மூத்தவன் அஸ்வினை மரகதம் ஆன்ட்டி இப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி மெயின்லேண்டுக்குப் படிக்க அனுப்பினார்கள், அவன் கோயம்புத்தூரிலேயே வேலை, கல்யாணம், குழந்தை என்று தங்கிவிட்டான், வீடியோ காலில் பேரனைப் பார்த்துக்கொண்டு ஆன்ட்டி போனுக்கு முத்தம் கொடுப்பார்கள். அவர்களுக்குத் தெரியாதா போவது என்றால் என்னவென்று…

ஸ்கூட்டர் வாசலிலேயே நின்றது. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடினாள், வந்து உட்காரச் சொல்லி ஹிந்தியில், ஆயியே சார், பைட்டியே சார், பாப்பா ஃபேனைப் போடு, ஜல்தி. ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஒரு சாதாரண மனிதர், வியர்த்திருந்தார், இவளுடைய கணக்கு டீச்சரின் கணவர் சாயல். ரேஷன் கார்டு பார்த்தார், ஸ்கூல் சர்டிபிகேட் பார்த்தார், அப்பா பாலசுப்பிரமணியத்துக்கு எங்கே டூட்டி என்றார், அம்மா கேட்டதற்கு மேலேயே சொன்னாள். இவ்வளவு பதில் சொல்லாதே அம்மா என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது, பொய்க்குத்தான் இத்தனை துணை வேண்டும்… ஆனால் அவள் யார் பக்கம், அம்மா பக்கமா, மாட்டிக்கொள்ள வேண்டும் என்று காத்திருக்கிறவள் எதற்காக அம்மாவின் பொய்யைத் திருத்துகிறாள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டதும் அம்மா தடுப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், மரகதம், கொஞ்சம் வந்துட்டுப் போயேன். ஆன்ட்டி வந்தார்கள், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வாசலிலேயே நின்றார்கள். இந்தப் பெண்ணை எத்தனை வருஷமாகத் தெரியும், நடுவில் எங்கேயாவது வெளியே போய்த் தங்கியிருந்தாளா என்று அவர் ஹிந்தியில் கேட்டார். ஆன்ட்டி வாயைத் திறக்கவும் விமானம் ஒன்று கூரைக்கு மேலே இறங்கவும் சரியாக இருந்தது. பத்துபஸ்தியில் இது பழக்கம், விமானம் தலைக்கு மேல் வந்தால் பேசுகிறவர்கள் பேச்சை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அது போகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், சண்டையானாலும் சரி, துக்கமானாலும் சரி. எல்லாரும் நின்றார்கள். அம்மா ஆன்ட்டியைப் பார்த்தாள். ஆன்ட்டி சுகிர்தாவைப் பார்த்தார்கள். சொல்லுங்க ஆன்ட்டி, சொல்லிருங்க, நடுவுல இவ இங்க இல்லன்னு சொல்லிருங்க, என்று அவள் மனசு கெஞ்சியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, மேஜை மேல் டம்ளர் அதிர்ந்து, ஓய்ந்தது.

“மேரே சாம்னே படீ ஹுயீ ஹை சார்,” என்றார்கள் ஆன்ட்டி, என் கண் முன்னால் வளர்ந்த பெண். “கஹீ நஹீ கயீ. எங்கயும் போகல. என் மகனும் இவளும் ஒண்ணாதான் ஸ்கூலுக்குப் போவாங்க.”

தடுமாற்றமே இல்லை, உப்பு எவ்வளவு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்கள். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவர் பையை மூடினார், எழுந்தார், சுகிர்தா உள்ளுக்குள் எதுவோ சரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போதுதான் அவர் போகிற போக்கில் இவள் பக்கம் திரும்பி, ஆசையாகவே, பேட்டி, பீச் மே கஹீ பாஹர் தோ நஹீ ரஹீ, என்று கேட்டார், நடுவில் எங்கும் வெளியே இருக்கவில்லையே அம்மா. கேட்க வேண்டியதால் கேட்கவில்லை, சும்மா பேச்சுக்கு. காலையிலிருந்து யார் யார் வாயையோ பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் கதவு தானாகத் திறந்து நின்றது, உண்மை என்றால் ஒரே ஒரு வார்த்தை, ரஹீ, இருந்தேன். “நஹீ சார்,” என்றாள் சுகிர்தா. ஸ்கூலில் எழுந்து நின்று பதில் சொல்கிற குரல். எங்கிருந்து வந்தது அது, யார் சொன்னது? அம்மா பார்த்துக்கொண்டிருந்தாளே, அதனாலா, வீடு தேடி வந்த மனுஷரைப் பொய்க்காரி மகளாக எதிர்கொள்ள வெட்கமா, அல்லது… அவர் சபாஷ், நன்றாகப் படி என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அம்மா அவர் பின்னாலேயே கேட் வரைக்கும் போனாள்.

அவள் பின்பக்கம் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள், தண்ணீர் விடாத நாள், டிரம்மிலிருந்து மொண்டுதான் கழுவினாள். தகரத் தடுப்பின் இந்தப் பக்கம் மரகதம் ஆன்ட்டி வந்து நின்றது முதலில் தெரியவில்லை. தேங்க்ஸ் ஆன்ட்டி என்று சொல்ல வேண்டுமா, எதற்கு தேங்க்ஸ், என்ன சொன்னாலும் இன்னொரு பொய்யாகத்தானே இருக்கும். ஆன்ட்டி நேற்றைய குழம்புக்குப் பதில் ஒரு டப்பாவில் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார்கள், வெறும் கையோடு எப்படி வருவது. டப்பாவை இவள் கையில் வைத்துவிட்டு அந்தக் கையை விடவில்லை.

“நல்லா படிச்சு வந்துரு பாப்பா. உனக்குத்தான் அது கெடைக்கும், டீச்சரே சொல்லிருக்காங்க… நீ எடுத்துட்டீனா அவன் இங்கயே காலேஜ் சேந்துருவான். வேற எங்க போவான். அவன் ஒருத்தனாவது என்கிட்ட இருக்கணும்ல.”

கை கொஞ்சம் இறுகியது. “இத அவன்கிட்ட சொல்லிராத. பஸ், இதோட போதும், நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.”

ஆக அது இவளுக்காகச் சொன்ன பொய் கூட இல்லை. சூரை மீனுக்காகவும் இல்லை. ஒரு தாய் தன் பிள்ளை போக வேண்டும் என்று ஊரையே பொய் சொல்லச் சொல்கிறாள், இன்னொரு தாய் தன் பிள்ளை போகக்கூடாது என்று அதே பொய்யைச் சொல்கிறாள், இரண்டு பொய்யும் சேர்ந்து சுகிர்தாவைத் தூக்கிக் கப்பலில் வைக்கின்றன. எந்தத் தாயும் செய்வாள் என்று நினைத்தாளே, என்ன தெரியும் இவளுக்குத் தாய்களைப் பற்றி. கோபம் வந்தது, ஆன்ட்டி மேல் வந்தது, ஆனால் போனுக்கு முத்தம் கொடுக்கிற மனுஷி, அவர்கள் மேல் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும். இதை ஏன் இவளிடம் வந்து சொன்னார்கள்? சொல்லாமலே இருந்திருக்கலாமே, யாருக்குத் தெரிந்திருக்கும். சொல்லிவிடமாட்டாள் என்று எப்படி நம்பினார்கள்… அந்த நஹீ சார் என்பதைக் கேட்டுக்கொண்டுதானே வாசலில் நின்றார்கள், அதற்குப் பிறகுதானே பின்பக்கம் வந்தார்கள். உள்ளே அம்மா அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள், லாங் ஐலண்டுக்குக் கேட்காது என்று நினைத்து எப்போதுமே கத்தித்தான் பேசுவாள், முடிஞ்சுருச்சுங்க, ஒண்ணும் பிரச்சனை இல்ல, நம்ம பாப்பா என்னா தைரியமா பதில் சொல்லுச்சு தெரியுமா.

வெயில் இறங்குகிற நேரத்தில் பிரவீன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்தில் வந்தான், டிஸ்பென்சரியிலிருந்து நேராக வருகிறான், சட்டையில் டெட்டாலும் ஆட்டு வாடையும். இவளைக் கேட்டில் பார்த்ததும் நின்றான். வராமல் உள்ளேயே இருந்திருக்க வேண்டும், ஏன் வந்து நின்றாள், சொல்லத்தானே, சொல்லிவிடலாம் என்றுதானே.

“என்ன சுகி, பூச்தாச் முடிஞ்சுதா, விசாரிச்சுட்டுப் போயாச்சா? எங்கம்மா சொதப்பலையே?”

“இல்ல… நல்லாதான் சொன்னாங்க.”

“அப்பாடா. நேத்து ஃபுல்லா அவங்ககிட்ட சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சுப் போச்சு. அவ இங்கதான் இருந்தான்னு சொல்லும்மா, நெட்வொர்க்குக்குப் போனதெல்லாம் போனதா, பாவம்மான்னு. மாட்டேன், எதுக்குப் பொய் சொல்லணும்னு நின்னாங்க. அப்புறம் காலைல என்ன நெனச்சாங்களோ, அவங்களே சரின்னுட்டாங்க.” சிரித்தான். ஜெயித்த சிரிப்பு. “இந்த வருஷம் ரெண்டு சீட்டு வந்தாலும் வருமாம் சுகி, டிஸ்பென்சரி டாக்டர் சொன்னாரு. வந்துச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல போலாம். அங்க எவனாவது உன்ன அந்தமான்னு கூப்பிட்டா நான் பாத்துக்கறேன்.”

சொல், இப்போதே சொல், உங்கம்மா எதுக்கு சரின்னாங்க தெரியுமா என்று ஆரம்பி, அவ்வளவு போதும், மீதியை அவனே புரிந்துகொள்வான். இன்னும் நாள் இருக்கிறது, எவ்வளவோ செய்யலாம், திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லலாம், பரீட்சையில் ஒரு படத்தை வரையாமல் விட்டாலே போதும், ஒரே ஒரு படம். ஹிந்தியில் அத்தனை சுலபமாக ஒரு பொய் வந்ததே, தமிழில் ஒரு உண்மை வருவதற்கு என்ன கஷ்டம். அவன் காத்துக்கொண்டிருந்தான், கைப்பிடியில் தாளம் போட்டபடி, இவள் சந்தோஷப்பட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். ரெண்டு சீட்டு. ரெண்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்தான், யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை… ரெண்டெல்லாம் வராது, என்றது உள்ளே ஒரு குரல், தெளிவாக, நிதானமாக, ஒன்றுதான் வரும். அந்த ஒன்று யாருக்கு என்பதும் அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது. அதில் பயமே இல்லை. போக வேண்டாம், போக வேண்டாம் என்று காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவள் எங்கே போனாள் என்று சுகிர்தா தேடிப் பார்த்தாள்.

“என்ன யோசிக்கற, டியூஷனுக்கு வரலையா?” என்றான் பிரவீன்.

“நீ முன்னால போ,” என்றாள் அவள், “நான் படத்தை வரைஞ்சு முடிச்சுட்டு வரேன்.”